சம்பந்தியோட சம்பந்தி நமக்கு யாரு

எங்க டேட்டாபேஸ் மூணு வருஷமா தெருத்திண்ணையில படுத்துத் தூங்கிட்டு இருந்திருக்கு. அத எங்க ஆபீஸ்ல யாருமே கவனிக்கல, நான் உட்பட. சென்னையில இருந்து ஒரு மில்லுக்காக வந்த ஆடிட்டர் மேடம்தான் லேப்டாப்ப என் பக்கம் திருப்பி வச்சு, "சார், இந்த 0.0.0.0/0 எதுக்கு?"ன்னு கேட்டாங்க. நான் தட்டுவடை செட்ட வாயில வச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தேன். டேட்டாபேஸோட அனுமதிப் பட்டியல்ல இருந்த அந்த ஒரு வரிக்கு அர்த்தம் உலகத்துல எந்த மூலையில இருந்தும் யார் வேணா வந்து கதவத் தட்டலாம், பாஸ்வேர்ட் தெரிஞ்சா உள்ள வரலாம்ங்கறது. ஆரம்பத்துல டெஸ்ட் பண்றதுக்காக நானே போட்டது, "அப்புறமா எடுத்துக்கலாம்"னு விட்டது, அந்த அப்புறம் வரவே இல்ல.

நாங்க என்ன பண்றோம்னு சொல்லிடறேன். சேலம் ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு மாடியில ஏழு பேர் உக்காந்திருக்கற சின்ன ஆபீஸ். சேகோ மில்லுங்களுக்கு, அதாவது ஜவ்வரிசி ஆலைங்களுக்கு, சாஃப்ட்வேர். ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம் பக்கமெல்லாம் குச்சிக்கிழங்கு லாரி வந்து வே பிரிட்ஜ்ல ஏறும், லோடோட ஒரு எடை, எறக்கிட்டு காலி லாரி ஒரு எடை, நடுவுல சாம்பிள் எடுத்து மாவு எத்தனை பாயிண்ட்னு பாப்பாங்க, அந்த பாயிண்ட வச்சுத்தான் விவசாயிக்கு ரூவா. இது எல்லாத்தையும் எங்க ஸ்கிரீன்தான் வாங்கி வைக்குது. அப்ளிகேஷன் சர்வருங்க அமேசானோட வாடகை கிளவுடான ஏடபிள்யூஎஸ்ல, மும்பை ரீஜியன். டேட்டாபேஸ் மோங்கோடிபி கம்பெனியே கிளவுடுல நடத்திக் குடுக்கற அட்லஸ், அதுவும் மும்பையிலயேதான் ஓடுது. அதாவது ரெண்டும் ஒரே ஊர்ல பக்கத்து பக்கத்து தெருவுல குடியிருக்குதுங்க, ஆனா பேசிக்கறதுன்னா மட்டும் பப்ளிக் ஐபி வழியா வாசலுக்கு வந்துதான் பேசிக்கறது. ஆடிட்டர் மேடம் கேட்டது நியாயமான கேள்வி. அவங்க ரிப்போர்ட்ல எழுதுன தீர்வும் ஒரே வரிதான்: பியரிங் போட்டுட்டு அந்த வரிய எடுங்க. ஒரு மாசம் டைம்.

பியரிங்னு கேட்டதும் எனக்கு மனசுல வந்தது வேற பியரிங். இன்டர்நெட் கம்பெனிங்க ஒருத்தர் நெட்வொர்க்க இன்னொருத்தர் நெட்வொர்க்கோட நேரா கோத்துக்கறது, நம்ம நாட்டுல அதுக்குன்னே 2003ல நிக்சின்னு ஒரு சந்திப்பு மையம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி பக்கத்து பக்கத்து ஊர்க்காரங்க பேசிக்கறதுக்கே டிராஃபிக் வெளிநாடு சுத்திட்டு வந்த கதையெல்லாம் உண்டு. அதுல ரெண்டு பக்க ரவுட்டரும் பிஜிபின்னு ஒரு பாஷையில "என் வழியா இந்த இந்த அட்ரஸுக்கு போலாம்"னு தாங்களே பேசிக்கும். விபிசிங்கறது கிளவுடுக்குள்ள நமக்குன்னு வேலி போட்ட தனி நெட்வொர்க்; அப்படி ரெண்ட உள்ளுக்குள்ளயே நேரா கோக்கற விபிசி பியரிங் அந்த அளவுக்கெல்லாம் இல்ல. ஏடபிள்யூஎஸ் இத 2014ல கொண்டு வந்தாங்க. ஒயரும் கிடையாது, பொட்டியும் கிடையாது, பிஜிபியும் கிடையாது. ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் சரின்னு சொல்லணும், அதுக்கப்புறம் ரெண்டு பக்கமும் அவங்கவங்க ரூட் டேபிள்ல, அதாவது எந்த அட்ரஸுக்கு எந்த வழிங்கற பட்டியல்ல, கையால வழி எழுதணும், அவ்ளோதான். படிக்கறப்ப அரை மணி நேர வேலையாத்தான் இருந்துச்சு. எனக்கு ஆனது ஏழு வாரம்.

முதல் நாளே முட்டிக்கிச்சு. எங்ககிட்ட ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட்டே ரெண்டு இருக்கு. ஒண்ணு வே பிரிட்ஜ் அப்ளிகேஷன் ஓடறது, இன்னொண்ணு பழசு, ரிப்போர்ட் மட்டும் ஓடறது. சரி எல்லாத்தையும் ஒண்ணா கோத்துடலாம்னு முதல்ல இந்த ரெண்டு அக்கவுண்ட்டுக்கும் நடுவுல பியரிங் கேட்டுப் பாத்தேன். கேட்ட நொடியே ஃபெயில்டுன்னு சிவப்பா வந்துச்சு. காரணம் பாத்தா தலையில அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு. ஏடபிள்யூஎஸ்ல எந்த அக்கவுண்ட் தொறந்தாலும் அவங்களே ஒரு டிஃபால்ட் விபிசி கட்டிக் குடுப்பாங்க, அதோட அட்ரஸ் எல்லாருக்கும் ஒண்ணுதான், 172.31.0.0/16. அதுல 65,536 அட்ரஸ். நான் ரெண்டு அக்கவுண்ட்டுலயும் டிஃபால்ட்டுலயே குடித்தனம் போட்டிருந்தேன். ரெண்டு வீட்டுக்கும் ஒரே கதவு நம்பர்.

இது ஏன் இப்படின்னா, உள்ளுக்குள்ள மட்டும் புழங்கறதுக்குன்னு 1996லயே மூணு தொகுதி அட்ரஸ ஒதுக்கி வச்சுட்டாங்க: 10ல ஆரம்பிக்கறது முழுசும், 172.16ல இருந்து 172.31 வரைக்கும், அப்புறம் 192.168. நம்ம வீட்டு வைஃபைல இருந்து பெரிய பேங்க் வரைக்கும் எல்லாரும் இந்த மூணுக்குள்ளதான் அட்ரஸ் எடுக்கறோம். எல்லா ஊர்லயும் ஒரு காந்தி ரோடு இருக்கற மாதிரி. சேலத்து காந்தி ரோட்டுக்காரரு ஈரோட்டு காந்தி ரோட்ட பத்தி யோசிக்க வேண்டியதே இல்ல, ரெண்டு ஊரையும் ஒரே தபாலாபீஸ்ல சேக்கற வரைக்கும்.

அன்னிக்கு ராத்திரி வீட்ல உக்காந்து அந்த சிவப்பு வரியையே பாத்துட்டு இருந்தேன். எங்க வீடு கன்னங்குறிச்சியில, மூக்கனேரிக் காத்து வர்ற பக்கம். அம்மாவுக்கு அப்ப தம்பிக்கு பொண்ணு பாக்கற சீசன். ஒரு நாப்பது பக்க நோட்டு, அதுல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், ஊரு, குலதெய்வம், ஜாதகம் பொருந்துச்சா இல்லையா எல்லாம் எழுதி வச்சிருக்கும்.

"என்ன சாமி, சோறு ஆறிப் போவுது, அதுல என்னத்த உத்துப் பாத்துட்டே இருக்க?"

"ரெண்டு நெட்வொர்க்க சேக்கணும்மா. சேர மாட்டேங்குது."

"ஏன், ரெண்டுக்கும் சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லம்மா, ரெண்டுக்கும் ஒரே நம்பரு. அதனால முடியாதுங்குது."

அம்மா நோட்டுல இருந்து தலையத் தூக்காமலே, "அப்ப பங்காளின்னு சொல்லு. ஒரே குலதெய்வத்தக் கும்புடறவங்க வூட்ல எப்படிடா பொண்ணு எடுக்கறது?"ன்னு கேட்டுட்டு அடுத்த பக்கத்தப் புரட்டுச்சு. இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடா ஒரு விளக்கம் நான் பாத்த எந்த வீடியோவுலயும் கிடைக்கல. சிஐடிஆர், அதாவது 172.31.0.0/16னு எழுதற மாதிரி அட்ரஸ் தொகுதி, கொஞ்சமே கொஞ்சம் ஒட்டுனாலும் பியரிங் கிடையாது. பாதி ஒட்டுது, கால்வாசி ஒட்டுதுங்கற பேச்சே இல்ல.

சரி நம்பர மாத்திடலாமேன்னா, கட்டுன விபிசியோட முதல் சிஐடிஆர மாத்தவே முடியாது. புதுசா ஒரு விபிசி கட்டி வீட்டையே காலி பண்ணிட்டு போகணும். வே பிரிட்ஜ் பக்கம் சர்வர் ரெண்டே ரெண்டுதான், ரிப்போர்ட் பக்கம்தான் குப்பையா ஏகப்பட்டது கெடக்குது, அதனால வே பிரிட்ஜ குடி மாத்தறதுன்னு முடிவு பண்ணேன். 10.40.0.0/16னு புது விபிசி, அதுக்குள்ள சப்நெட்னு ரெண்டு பிரிவு, சர்வர இமேஜ் எடுத்து அங்க எறக்கி, வர்ற வேலைய ரெண்டு சர்வருக்கும் பிரிச்சு அனுப்பற லோடு பேலன்சர புதுசா வச்சு, ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு. இந்த குடி மாத்தறப்ப நான் ஒரு சின்ன விஷயத்த கவனிக்காம விட்டேன், அது பின்னாடி வந்து கழுத்தப் பிடிச்சுது, வர்றேன்.

அட்லஸ் பக்கம் என்ன கேப்பாங்கன்னா, முதல்ல உங்க கிளஸ்டர் எம்10 இல்ல அதுக்கு மேல இருக்கணும், இலவச கிளஸ்டருக்கெல்லாம் பியரிங் கிடையாது. அப்புறம் உங்க ஏடபிள்யூஎஸ் அக்கவுண்ட் நம்பர் 12 இலக்கம், விபிசி ஐடி, ரீஜியன், உங்க சிஐடிஆர். அவங்க பக்கத்து சிஐடிஆர் நம்ம எதுவும் சொல்லலன்னா 192.168.248.0/21னு வந்துடும். கிளஸ்டர் ஒரு தடவ எழும்பிடுச்சுன்னா அதையும் மாத்த முடியாது. எங்களுது மூணு வருஷம் முன்னாடியே எழும்பிடுச்சு, யாரும் எதுவும் சொல்லல, அதனால அதேதான். 10.40க்கும் 192.168க்கும் ஒட்டல் உறவல் எதுவும் இல்ல, ஜாதகம் பொருந்திருச்சுன்னு ஒரு திங்கக்கிழமை காலைல ரிக்வெஸ்ட் அனுப்புனேன்.

இப்ப அது ஏடபிள்யூஎஸ் பக்கம் வந்து "சம்மதம் சொல்லுங்க"ன்னு நிக்கும். ஏழு நாள் நிக்கும். அதுக்குள்ள யாரும் சரின்னு சொல்லலன்னா காலாவதி ஆயிடும், மறுபடி முதல்ல இருந்து. சரின்னு சொல்ற பட்டன அமுக்க என் லாகின்ல பர்மிஷன் இல்ல. அந்த அதிகாரம் எங்க முதலாளி அண்ணன்கிட்ட மட்டும்தான், ரூட் அக்கவுண்ட் அவரோடது, அதோட ஓடிபி அவரோட ஃபோன்ல. (ரூட் அக்கவுண்ட்ட தினப்படி வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும், திட்டாதீங்க, ஏழு பேரு ஆபீஸ்ல இப்படித்தான் இருக்கும்.) அண்ணன் அதுக்கு மறுநாள் செவ்வாக்கிழமை ஏற்காடு கிளம்பிட்டாரு. நாகலூர் பக்கம் அவங்க குடும்பத்துக்கு கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கு, ஜனவரியில பழம் பறிக்கற நேரம், ஆள் கிடைக்கல, அவரே நின்னு பாக்க வேண்டியதாப் போச்சு. தோட்டத்துல சிக்னல் சுத்தமா கிடையாது. வியாழன், வெள்ளி, சனி மூணு நாளும் வாட்ஸ்அப்ல ஒரே டிக்குதான்.

ஞாயித்துக்கிழமை மத்தியானம் பொறுக்க முடியாம பைக்க எடுத்துட்டேன். கோரிமேடு, அடிவாரம் செக்போஸ்ட், அப்புறம் இருபது கொண்டை ஊசி. எனக்கு இந்த ரோடு ரொம்ப பிடிக்கும், ஒவ்வொரு வளைவுலயும் நம்பர் போட்ட பலகை இருக்கும், சின்ன வயசுல பஸ்ல வாந்தி வராம இருக்க அத எண்ணிட்டே போவோம். அன்னிக்கும் எண்ணிட்டே போனேன், பன்னெண்டு தாண்டுனதும் பனி எறங்கிடுச்சு, லைட்டப் போட்டுட்டு மாட்டு வண்டி வேகத்துல போனேன். நாகலூர் போயி அண்ணனப் புடிச்சா அவரு காப்பிப் பழம் கொட்டி வச்ச களத்துல கால் சட்டையோட நிக்கறாரு.

"என்ன தம்பி, சர்வர் எரிஞ்சு போச்சா?"

"இல்லங்கண்ணா, ஒரு பட்டன் அமுக்கணும்."

"ஒரு பட்டனுக்கா மலை ஏறி வந்த?"

ரெண்டு பேரும் ஏற்காடு ஏரி பக்கம் எறங்கி வந்து சிக்னல் கிடைச்ச எடத்துல ஒரு பஜ்ஜிக்கடை பெஞ்சுல உக்காந்தோம். என் ஃபோன்ல ஹாட்ஸ்பாட், அவரு ஃபோன்ல ஓடிபி, மடியில லேப்டாப். அக்செப்ட் ரிக்வெஸ்ட். பத்து நிமிஷத்துல ஆக்டிவ்னு பச்சையா வந்துச்சு. அண்ணன் மொளகா பஜ்ஜியக் கடிச்சுட்டே, "இனிமே இந்த பட்டன நீயே அமுக்கற மாதிரி வச்சுக்கோ, எனக்கு ஓடிபி சொல்றத விட பழம் பொறுக்கறது ஈஸியா இருக்கு"ன்னாரு. அங்கயே உக்காந்து என் லாகினுக்கு அந்த பர்மிஷனையும் போட்டுட்டோம்.

அந்த பச்சைய நான் நம்புனேன் பாருங்க.

திங்கக்கிழமை ரூட் டேபிள்ல 192.168.248.0/21 போகணும்னா பியரிங் வழியா போன்னு எழுதுனேன். அட்லஸ் பக்கம் அனுமதிப் பட்டியல்ல 10.40.0.0/16 சேத்தேன். சர்வர்ல இருந்து டேட்டாபேஸ் பேர சொல்லிக் கூப்புட்டுப் பாத்தேன், ஜம்முனு பேசுச்சு. செவ்வாக்கிழமை காலைல பதினோரு மணிக்கு ஆடிட்டர் மேடத்துக்கு மெயில் டைப் பண்ணி ரெடியா வச்சுட்டு, 0.0.0.0/0 வரிய அழிச்சேன். ஒண்ணும் ஆகல. எல்லா ஸ்கிரீனும் ஓடுது. மெயில அனுப்பிட்டு டீ குடிக்க எறங்கிட்டேன்.

கடையில டீ கைக்கு வர்றதுக்குள்ள ராசிபுரத்துல இருந்து ஃபோன். "சார், லாரி மேல ஏறி நிக்குது, எடை விழ மாட்டேங்குது." அடுத்தது ஆத்தூர். அடுத்தது சேந்தமங்கலம், அங்க பின்னாடி ஒம்பது லோடு நிக்குதாம், டிரைவருங்க ஹாரன் அடிக்கற சத்தம் எனக்கே கேக்குது. மாடிப்படி மூணு மூணா தாவி ஏறி அந்த அழிச்ச வரியத் திரும்பப் போட்டேன். மூணு வருஷம் திண்ணையில கெடந்தத உள்ள கூட்டிட்டு வந்து, பத்து நிமிஷத்துல மறுபடி திண்ணைக்கே அனுப்பியாச்சு.

என்ன ஆயிருக்குன்னு அன்னிக்கு ராத்திரிதான் முழுசா புரிஞ்சுது. அனுமதிப் பட்டியல்ல இருந்து ஒரு வரிய எடுத்தா, ஏற்கெனவே தொறந்திருக்கற கனெக்ஷன் உடனே அறுந்துடாது, கொஞ்ச நேரம் அப்படியே ஓடும், புதுசா வர்றதுதான் மாட்டும். எனக்கு அந்த பத்து நிமிஷ நிம்மதி கிடைச்சது அதனால. சரி, பியரிங் இருக்குல்ல, ஏன் மாட்டணும்? ஒரு பேருக்கு என்ன அட்ரஸ்னு சொல்ற dig கமாண்ட போட்டுப் பாத்தா, டேட்டாபேஸ் பேருக்கு வர்ற அட்ரஸ் 192.168 இல்ல, பப்ளிக் ஐபி. அதாவது திங்கக்கிழமை நான் டெஸ்ட் பண்ணி சந்தோஷப்பட்டது பூராவும் பழைய வாசல் வழியாத்தான். அட்லஸ்ல பேரு ஒண்ணுதான், பியரிங் போட்ட விபிசிக்குள்ள இருந்து கேட்டா உள் அட்ரஸ் வரணும், வெளிய இருந்து கேட்டா வெளி அட்ரஸ். அப்படி வரணும்னா நம்ம விபிசி செட்டிங்ல (டிஎன்எஸ்தான் பேர அட்ரஸா மாத்திக் குடுக்கறது) டிஎன்எஸ் ரிசொல்யூஷன், டிஎன்எஸ் ஹோஸ்ட்நேம் ரெண்டு டிக்கும் இருக்கணும். டிஃபால்ட் விபிசில ரெண்டுமே இருக்கும். நம்மளா தனியா ஒரு விபிசி கட்டுனா ரெண்டாவது டிக் இருக்காது. குடி மாத்தறப்ப நான் கவனிக்காம விட்டது இதுதான். பச்சை விளக்கு எரிஞ்சுது, ரூட் எழுதியாச்சு, ஆனா ஒரு பாக்கெட் கூட அந்த வழியில கால் வைக்கல.

டிக் போட்டேன், அப்ளிகேஷன ரீஸ்டார்ட் பண்ணேன், பேருக்கு 192.168.249ல ஒரு அட்ரஸ் வந்துச்சு. அப்பாடான்னு பாத்தா, இப்ப ரெண்டு சர்வர்ல ஒண்ணு பேசுது, ஒண்ணு பேசல. லோடு பேலன்சர் மாத்தி மாத்தி அனுப்பறதால ஒரு லாரிக்கு எடை விழுது, அடுத்த லாரிக்கு விழல. ராத்திரி ஒம்பதரை மணிங்கறதால மில்லுல லாரி கம்மி, தப்பிச்சேன். காரணம் பாத்தா ரெண்டு சப்நெட்டுக்கும் தனித்தனி ரூட் டேபிள், நான் எழுதுனது ஒண்ணுல மட்டும். ரெண்டாவது சர்வருக்கு உள் அட்ரஸ் தெரிஞ்சுடுச்சு, அங்க போற வழி தெரியல, பாக்கெட்ட எடுத்துட்டு வெளி வாசலுக்கு ஓடியிருக்கு, அங்க 192.168ன்னா யாருக்குத் தெரியும். ஏற்காட்டுக்கு அடிவாரம் ரோட்டுல பலகை வச்சுட்டு குப்பனூர் ரோட்டுல வைக்காம விட்ட மாதிரி. மண் சரிஞ்சு குப்பனூர் வழியா வண்டிய திருப்பி விடறப்பதான் அங்க பலகை இல்லாதது தெரியும்.

இதுல ஒண்ணு சொல்லணும், நெட்வொர்க் பிரச்சனைல எர்ரர் என்னன்னு ஒழுங்கா படிச்சாலே பாதி விடை கிடைச்சுடும், நம்ம பதட்டத்துல எல்லாத்தையும் "கனெக்ட் ஆகல"ன்னு ஒரே மூட்டையா கட்டிடறோம். டைம்அவுட்னா போன கடுதாசிக்கு பதிலே இல்ல, வழியில எங்கயோ தொலைஞ்சுது, இல்ல யாரோ சத்தமில்லாம கிழிச்சுப் போட்டாங்க, ரூட் டேபிளையும் அனுமதிப் பட்டியலையும் சர்வரோட காவல்காரன் மாதிரி இருக்கற செக்யூரிட்டி குரூப்பையும் பாருங்க. ரெஃப்யூஸ்டுன்னா வீடு கிடைச்சுருச்சு, அந்தக் கதவுக்கு ஆள் இல்ல, வழியில தப்பே இல்ல. "நோ ரூட் டு ஹோஸ்ட்"னு வந்தா பெரும்பாலும் சிக்கல் உங்க மெஷினுக்குள்ளயே இருக்கு. இந்த மூணாவத நான் கத்துக்கிட்டது தனிக்கதை.

வே பிரிட்ஜ் பக்கம் ஒருவழியா அமைஞ்சு, அந்த 0.0.0.0/0 போயி, மேடம் சரின்னு ரிப்ளை போட்டு, ரிப்போர்ட் அக்கவுண்ட்டையும் அட்லஸோட தனியா கோத்து (அதோட 172.31க்கும் 192.168க்கும் ஒட்டல் இல்லையே), மூணு வாரம் நல்லா ஓடுச்சு. ஒரு புதன்கிழமை ஆத்தூர்ல புது மில்லு ஒண்ணு எங்க கஸ்டமர் ஆனாங்க. அவங்களுக்கு ரிப்போர்ட் சர்வர்ல டாக்கர் கம்போஸ் ஒண்ணு, அதாவது ஒரே மெஷினுக்குள்ள தனியா ஓடற ஒரு சாஃப்ட்வேர் தொகுப்பு, எழுப்புனோம், எல்லா மில்லுக்கும் ஒண்ணு ஒண்ணு அப்படித்தான் வச்சிருக்கோம். எழுப்பி அஞ்சு நிமிஷத்துல எல்லா மில்லோட ரிப்போர்ட்டும் படுத்துடுச்சு. புதுசா வந்த மில்லு மட்டும் இல்ல, எல்லாமே. அந்த மில்லுக்காரரு ராசி பாக்கறவரு, பூஜை போடாம ஆரம்பிச்சதுதான் காரணம்னு அவரு ஒரு முடிவுக்கே வந்துட்டாரு.

சர்வர்ல நேரா நின்னு டேட்டாபேஸ் அட்ரஸ தட்டுனா "நோ ரூட் டு ஹோஸ்ட்". ஐபி ரூட் கெட்னு ஒரு கமாண்ட் போட்டு 192.168.249க்கு எப்படி போவன்னு மெஷின கேட்டேன், அது ஏடபிள்யூஎஸ் பக்கமே கை காட்டல, பிஆர்னு ஆரம்பிக்கற ஒரு டாக்கர் பிரிட்ஜ, அதாவது மெஷினுக்குள்ளயே இருக்கற ஒரு உள் நெட்வொர்க்க, காட்டுச்சு. டாக்கர் ஒவ்வொரு கம்போஸுக்கும் தானா ஒரு நெட்வொர்க் ஒதுக்கும். 172.17ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மேல போகும், சர்வரோட சொந்த அட்ரஸ் 172.31ல இருக்கறதால அத மட்டும் தாண்டிடும், அது தீந்ததும் 192.168ஐ /20 /20ஆ துண்டு போட்டு குடுக்கும். எண்ணிப் பாத்தா டாக்கர் தனக்குன்னு வச்சுக்கற முதல் பிரிட்ஜோட சேத்து முப்பதாவது துண்டு 192.168.240.0/20. அது 240ல இருந்து 255 வரைக்கும் பூராவும் தனக்குன்னு எடுத்துக்கும். அட்லஸ் குடியிருக்கற 248 அதுக்கு நட்ட நடுவுல. புதுசா வந்தவரு எங்களோட 29ஆவது மில்லு. 28 மில்லு வரைக்கும் பாக்கெட் ஒழுங்கா ஏடபிள்யூஎஸ்க்கு போயி பியரிங்ல ஏறுச்சு, 29ஆவது மில்லு வந்ததும் மெஷினுக்குள்ளயே ஒரு போலி 248 மொளச்சு, எல்லா பாக்கெட்டும் அதுக்குள்ள விழுந்து செத்துச்சு. மலை ஏறி வாங்கிட்டு வந்த பச்சை விளக்கு அப்பவும் எரிஞ்சுட்டுதான் இருந்துச்சு.

டாக்கருக்கு அட்ரஸ் எங்க இருந்து எடுக்கணும்னு அதோட கான்ஃபிக் ஃபைல்ல நம்மளே சொல்லலாம், டிஃபால்ட் அட்ரஸ் பூல்னு ஒரு வரி. 10.200.0.0/16க்குள்ள மட்டும் குட்டி குட்டியா /24 எடுத்துக்கோன்னு மாத்தி எல்லா கம்போஸையும் எறக்கி ஏத்துனேன், சரியாச்சு. மில்லுக்காரரு அதுக்கப்புறம் பூஜையும் போட்டுட்டாரு, எதுக்கும் இருக்கட்டும்னு நானும் போயி பொங்கல் சாப்ட்டு வந்தேன்.

கடைசியா வந்தது எங்க சப்போர்ட் பசங்க. ஃபேர்லேண்ட்ஸ் ஆபீஸ்ல இருந்து டேட்டாபேஸ கம்பாஸ்னு ஒரு டூல் போட்டுத் தொறந்து பாத்துதான் அவங்களுக்குப் பழக்கம், திண்ணை வழி அடைச்சதும் முடியல. ஆபீஸ்ல இருந்து எங்க விபிசிக்கு விபிஎன்னு ஒரு பூட்டுன சுரங்கப் பாதை இருக்கு. விபிசியில இருந்து அட்லஸ்க்கு பியரிங் இருக்கு. அப்ப ஆபீஸ்ல இருந்து விபிசி, விபிசில இருந்து அட்லஸ், நேரா போயிடலாம்லன்னு சப்போர்ட் தம்பி போர்டுல அம்புக்குறி எல்லாம் போட்டு கேட்டான். போக முடியாது. பியரிங் ரெண்டு பேருக்கு நடுவுல மட்டும்தான், மூணாவது ஆள அதுக்கு நடுவுல கூட்டிட்டுப் போக முடியாது, விபிஎன் வழியா வந்தவங்களும் அந்தப் பக்கம் தாண்ட முடியாது. அவனுக்கு நான் எங்க வீட்டு கதையத்தான் சொன்னேன். எங்க பெரியக்காவ கட்டிக் குடுத்தது ஓமலூர், சின்னக்காவ வாழப்பாடி. ஓமலூர்க்காரங்களும் எங்களுக்கு சம்பந்தி, வாழப்பாடிக்காரங்களும் சம்பந்தி, ரெண்டு வீட்டுக்கும் எங்க வீட்ல அடுப்படி வரைக்கும் உரிமை உண்டு. அதுக்காக ஓமலூர் சம்பந்தி எங்க வீட்டுக்குள்ள நுழைஞ்சு பின்வாசல் வழியா வாழப்பாடி வீட்டு அடுப்படிக்குப் போயி காப்பி கேக்க முடியுமா? அவங்களுக்குள்ள உறவு வேணும்னா அவங்க தனியா சம்பந்தம் பண்ணிக்கணும். பையன் புரிஞ்ச மாதிரி சிரிச்சான். அப்புறம், "அண்ணா, உங்க வீட்ல யாராச்சும் வாங்கிட்டுப் போயி குடுக்கலாம்ல?"ன்னான். கெட்டிக்காரப் பய. அதத்தான் செஞ்சோம், விபிசிக்குள்ள ஒரு குட்டி சர்வர், பசங்க எஸ்எஸ்ஹெச்ல அதுக்குள்ள வந்து அங்க இருந்து டன்னல் போட்டு டேட்டாபேஸப் பாக்கறாங்க, யாரு எப்ப வந்தாங்கன்னு லாகும் இருக்கு. எல்லாரையும் ஒரே மண்டபத்துல உக்கார வைக்க டிரான்ஸிட் கேட்வேன்னு 2018ல இருந்து ஒண்ணு இருக்கு, ஆனா ஒவ்வொரு இணைப்புக்கும் மணிக்கணக்கு வாடகை, அண்ணன் விலையக் கேட்டுட்டு காப்பி விலைய பேச ஆரம்பிச்சுட்டாரு.

பியரிங்க்கு அந்த வாடகை இல்ல. போடறதுக்கு காசு கிடையாது, ஒரே அவெய்லபிலிட்டி ஸோனுக்குள்ள (ஒரு ரீஜியனுக்குள்ள தனித்தனியா இருக்கற டேட்டா சென்டர் கூட்டத்துல ஒண்ணு) போற டேட்டாவுக்கும் 2021ல இருந்து காசு கிடையாது, ஸோன் தாண்டுனாத்தான் ஜிபிக்கு ஒரு பக்கம் 1 சென்ட். முன்னாடி எல்லாம் நேட் கேட்வேங்கற வெளி வாசல் வழியா போயி ஜிபிக்கு ஜிபி குடுத்துட்டு இருந்தோம், முதல் மாச பில்லுலயே அந்த வரி எளைச்சிருந்துச்சு. அண்ணன் அத மட்டும் ரெண்டு தடவ படிச்சாரு.

இப்ப என்கிட்டயும் ஒரு நோட்டு இருக்கு. அம்மாகிட்ட இருந்து வாங்குன அதே நாப்பது பக்க நோட்டுதான். ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு வரி: 10.40 வே பிரிட்ஜ், 10.200 டாக்கர், 192.168.248 அட்லஸ், தொடக் கூடாதுன்னு சிவப்பு மையில, ஆபீஸ் வைஃபை, விபிஎன், எல்லாம். 10.41 ரிப்போர்ட்டுக்குன்னு எழுதி வச்சிருக்கேன், பக்கத்துல எதுவும் எழுதல, ஏன்னா ரிப்போர்ட் இன்னும் பழைய 172.31லதான் குடியிருக்கு. மாத்தணும். குச்சிக்கிழங்கு வரத்து குறையட்டும்னு இருக்கேன். அண்ணன் மலையில இருந்து வறுத்து அரைச்ச காப்பித்தூள் அரைக்கிலோ குடுத்து விட்டாரு, அது தீர்றதுக்குள்ள ஆரம்பிச்சுடணும்னு ஒரு கணக்கு. தம்பிக்கு இன்னும் பொண்ணு அமையல. அம்மா நேத்து தாரமங்கலம் பக்கம் ஒரு வீடு எழுதுச்சு, குலதெய்வம் வேறயாம்.